இறந்திருப்பதாகத் தோன்றுகிறது

மஞ்சக்குட்டையில் என் நண்பர் ஒருவருக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டமும் ஒரு ஓட்டு வீடும் உண்டு. ஏற்காடு ஏரியின் படகுச் சத்தமும் பஜ்ஜிக் கடைக் கூட்டமும் எட்டாத தூரம். சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் ஏறிய மிளகுக் கொடி, சாயங்காலமானால் பனி. வருஷத்துக்கு ஒரு தடவை, பாதியில் நிற்கும் புத்தகங்களைப் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு அங்கே போய்விடுவது வழக்கம். இந்தத் தடவை பையில் அதிக எடை மோடி.

பதற வேண்டாம், அரசியல் இல்லை. இவர் டாக்டர் ஜெய்சிங் பி. மோடி. சட்ட மருத்துவம், விஷங்கள் பற்றி அவர் எழுதிய பாடப்புத்தகம் 1920-ல் முதலில் வந்தது. நூறு வருஷம் தாண்டியும் யார் யாரோ திருத்திப் புதுப்பித்து இன்னும் விற்பனையில் இருக்கிறது. இந்தியக் கோர்ட்டுகளில் 'மோடி என்ன சொல்கிறார்?' என்று வக்கீல் கேட்டால் இவரைத்தான் கேட்கிறார். பி.காம். படித்தவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். எனக்குக் கணக்கைவிடக் கணக்கு எப்படித் தப்பாகிறது என்பதில்தான் எப்போதும் ஆர்வம். மோடி அந்த வகைப் புத்தகம்.

இரண்டாம் நாள் காலை வாசலில் ஒருவர் நின்றார். நாற்பது வயசிருக்கும். எஸ்டேட் வேலை. இங்கிலீஷ் புத்தகம் படிக்கிற சார் ஒருத்தர் வந்திருக்கிறார் என்று தோட்டக்காரர் சொல்லியிருக்கிறார். கையில் பிளாஸ்டிக் கவர். உள்ளே தம்பியின் போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட். தம்பி இறந்து இரண்டு மாசம் ஆகிறது. ராத்திரி வெளியே போனவர் காலையில் தோட்டத்துக்குக் கீழே பள்ளத்தில் கிடந்திருக்கிறார்.

"சார், கடைசியில ஷாக்குன்னு போட்டிருக்கு பாருங்க. அப்ப கரன்ட் வேலிதானே? நாங்க அன்னைக்கே சொன்னோம்."

அவர் சந்தேகத்தில் தப்பு சொல்ல முடியாது. காட்டெருமையைத் தடுக்கத் திருட்டுத்தனமாக வேலிக்குக் கரன்ட் கொடுப்பதும், அதில் மனுஷன் மாட்டிக்கொள்வதும் தமிழ்நாட்டு மலையோரங்களில் அடிக்கடி வரும் செய்தி. ஒரு எஸ்டேட்காரர் மீது இரண்டு மாசமாக இவர்கள் கோபமாக இருக்கிறார்கள். ஆதாரம், ரிப்போர்ட்டின் கடைசி வரியில் இருக்கிற ஒரே ஒரு வார்த்தை.

அந்த வரியை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். க்ரைம் ரிப்போர்ட்டராக இருந்த இரண்டு வருஷத்தில் கையில் வந்த ரிப்போர்ட்களில் பாதிக்கு மேல் அதே வரிதான். 'வுட் அப்பியர் டு ஹாவ் டைட் ஆஃப் ஷாக் அண்ட் ஹெமரேஜ் ட்யூ டு மல்ட்டிபிள் இஞ்சுரீஸ்.' தமிழில், 'பல காயங்களால் ஏற்பட்ட அதிர்ச்சியாலும் ரத்தப்போக்காலும் இறந்திருப்பதாகத் தோன்றுகிறது.' இதில் வரும் ஷாக், மின்சாரமும் இல்லை, பயமும் இல்லை. ரத்தம் வெளியேறி, உறுப்புகளுக்குப் போய்ச் சேராமல், உடம்பு நிலைகுலைந்து விழுகிற கட்டத்துக்கு டாக்டர்கள் வைத்த பெயர். இதை அவருக்குச் சொல்லிப் புரியவைக்க அரைமணி ஆயிற்று. இரண்டு மாசத்தில் ஒரு ஆள்கூடச் சொல்லவில்லையா என்று கேட்டேன். "யாரைக் கேக்கறது சார்?" என்றார்.

புத்தகங்களையும் சினிமாவையும் விமரிசனம் செய்கிற இந்தப் பக்கத்தில் இந்த வாரம் அந்த ஒரு வரியை எடுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். தமிழ்நாட்டில் இத்தனை குடும்பங்களின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிற இன்னொரு வாக்கியம் இருக்கிறதா என்று தெரியவில்லை. அதை யாரும் விமரிசித்தும் நான் பார்த்ததில்லை.

முதலில் அதன் நல்ல பக்கம். 'தோன்றுகிறது' என்பது மழுப்பல் இல்லை, அடக்கம். ஆடிட்டிங் வகுப்பில் கிங்ஸ்டன் காட்டன் மில் கேஸ் என்று ஒன்று சொல்லித் தருவார்கள். 1896, இங்கிலாந்து. ஆடிட்டர் என்பவர் காவல் நாய், மோப்ப நாய் இல்லை என்று அதில் ஒரு நீதிபதி சொன்னார். பி.காம். படித்த எல்லோருக்கும் மற்றதெல்லாம் மறந்தாலும் இது மட்டும் ஞாபகமிருக்கும். பிரேத பரிசோதனை செய்கிற டாக்டரும் கிட்டத்தட்ட அதே ஆள். உடம்பு என்கிற கணக்குப் புத்தகத்தைத் திறந்து, இருக்கிறதைப் பார்த்து, 'என் கருத்தில்' என்று கையெழுத்துப் போடுகிறார். அவர் பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லக்கூடாது.

பார்ப்பது எப்படி? அதற்குத்தான் மோடி. தூக்குப் போட்டுக்கொண்டால் கயிற்றுத் தடம் கழுத்தின் மேல்பக்கம், சாய்வாக, பெரும்பாலும் முழு வட்டமாக இல்லாமல் இருக்கும். கயிறு போட்டு நெரித்தால் தடம் கீழே இறங்கி, படுக்கை வாட்டத்தில், சுற்றிவர இருக்கும். உயிரோடு இருக்கும்போது பட்ட காயத்தில் ரத்தம் திசுக்களுக்குள் புகுந்து உறைந்திருக்கும், கழுவினால் போகாது. செத்த பிறகு வெட்டினால் அப்படி ஊறாது. ரத்தம் பூமியின் இழுப்புக்குக் கீழ்ப்பக்கம் தேங்கி அங்கே ஊதா நிறம் பிடிக்கும். மல்லாந்து கிடக்கும் ஆளுக்கு நெஞ்சில் அந்த நிறம் இருந்தால், யாரோ திருப்பிப் போட்டிருக்கிறார்கள். பாடப்புத்தகம் என்றாலும் ஒவ்வொரு விதிக்கும் ஒரு கேஸ் வைத்திருக்கிறார் மனிதர். வழிப்போக்கனுக்கு ஊமத்தை விதை கொடுத்துக் கொள்ளையடிப்பது, கிணறு, பாஷாணம், சொத்துத் தகராறு என்று அந்தக் காலத்து வட இந்தியா முழுக்க வந்து போகிறது. நான் படித்த சில க்ரைம் நாவல்களைவிட விறுவிறுப்பு.

மோடியின் பெருமை, வெள்ளைக்காரன் புத்தகத்தை அப்படியே கொடுக்காமல் நம் ஊர் வெயிலுக்குக் கணக்குப் போட்டது. செத்த உடம்பு விறைத்து, மறுபடி தளர்வதற்கு எவ்வளவு நேரம்? வட இந்தியாவில் கோடையில் 18 முதல் 36 மணி, குளிர்காலத்தில் 24 முதல் 48 மணி என்று நம் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. இடைவெளியைக் கவனியுங்கள். சினிமாவில் டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே, 'ராத்திரி பத்தரைக்கும் பதினொன்றுக்கும் நடுவில் செத்திருக்கிறார்' என்கிறாரே, அந்த டாக்டர் எந்தக் காலேஜ் என்று தெரியவில்லை. சமவெளிக் கணக்கே இப்படி என்றால், சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த ஊரில், பனியில் ராத்திரி முழுக்கக் கிடந்த உடம்புக்கு இன்னும் தாராளமாகத்தான் நேரம் சொல்ல முடியும்.

சரி, இனி அந்த வரியின் மறுபக்கம்.

இறந்ததற்குக் காரணம் என்பது ஒன்று. இறந்த விதம் என்பது வேறு. தண்ணீரில் மூழ்கி மூச்சு முட்டியது காரணம். வழுக்கினாரா, குதித்தாரா, தள்ளினார்களா என்பது விதம். நம்முடைய வரி முதல் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு, இரண்டாவது கேள்வியின் வாசலில் நின்றுவிடுகிறது. ஆனால் அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் அந்த இரண்டாவது கேள்வியை வைத்துத்தான். மஞ்சக்குட்டைப் பள்ளத்தில் கிடந்த ஆளையே எடுத்துக்கொள்ளுங்கள். காட்டெருமை முட்டியிருந்தால் வனத்துறை இழப்பீடு தர வேண்டும். கால் தவறி விழுந்திருந்தால், எல்.ஐ.சி. பாலிசியில் விபத்துப் பயன் சேர்த்திருந்தால் அந்தத் தொகையும் கிடைக்கும். தானே விழுந்திருந்தால் அது கிடையாது. யாராவது தள்ளியிருந்தால் ஒருவன் ஜெயிலுக்குப் போகவேண்டும். நாலுக்கும் ரிப்போர்ட்டின் கடைசி வரி ஒன்றேதான்.

2025 மார்ச்சில் இதே ஏற்காடு மலையில் ஒரு பெண்ணின் உடல் பள்ளத்தில் கிடைத்தது. விழுந்ததாக முடிந்திருக்கலாம். ஊசி போட்டுக் கொன்று, பிறகு தூக்கிப் போட்டதாகச் சொல்லி மூன்று பேரைப் போலீஸ் கைது செய்தது. அவர் யாரோடு போனார், யாரோடு போனில் பேசினார் என்று தேடிக்கொண்டு போனதால் கிடைத்த விஷயம் அது. பள்ளம் தானாக எதுவும் சொல்வதில்லை.

அமெரிக்காவில் இறப்புச் சான்றிதழிலேயே விதத்துக்கு என்று தனிக் கட்டங்கள் உண்டு. இயற்கை, விபத்து, தற்கொலை, கொலை, தீர்மானிக்க முடியவில்லை. டாக்டரோ கரோனரோ டிக் அடிக்க வேண்டும். (அங்கே சில ஊர்களில் கரோனர் தேர்தலில் ஓட்டு வாங்கி வருகிறவர், டாக்டராக இருக்கவேண்டும் என்றுகூட இல்லை. நம்மை நாமே ரொம்பத் திட்டிக்கொள்ள வேண்டாம்.) நம் ஊரில் விதம் என்பது போலீஸ் விசாரணைக்கும் கோர்ட்டுக்கும் விட்டது. சந்தேக மரணம் என்றால் முன்பு குற்ற நடைமுறைச் சட்டம் 174. 2024 ஜூலையிலிருந்து புதுச் சட்டத்தில் 194. இன்ஸ்பெக்டர் பஞ்சாயத்தாரை வைத்துப் பிரேத விசாரணை செய்து, ஒரு கடிதத்தோடு உடலை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். அந்தக் கடிதத்தில் 'கால் தவறி விழுந்து இறந்ததாக' என்று ஏற்கெனவே கதை இருக்கும். டாக்டர் உடம்பைப் பார்ப்பதற்கு முன்னால் கதையைப் படித்துவிடுகிறார். கதை தெரியாமல் அறுப்பதும் ஆபத்து. எதைத் தேடுவது என்று தெரியாது. கதையை நம்பி அறுப்பது அதைவிட ஆபத்து.

டாக்டரே விதத்தையும் அடித்துச் சொல்லிவிட்டால் என்ன? சொல்லிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 1915-ல் லண்டனில் ஒரு வழக்கு. ஜார்ஜ் ஜோசஃப் ஸ்மித் என்பவன் கட்டிக்கொண்ட பெண்களில் மூன்று பேர் 1912 முதல் 1914 வரை ஒவ்வொருவராக இறந்தார்கள். மூவரும் குளியல் தொட்டியில் மூழ்கிச் செத்தார்கள். மூன்று தடவையும் விபத்து என்று முடித்துவிட்டார்கள். மூன்று உடம்பும் சரியாகத்தான் சொல்லின, மூழ்கி மரணம் என்று. விதம் வெளியே வந்தது, மூன்றாவது சாவைப் பேப்பரில் படித்த இரண்டாவது பெண்ணின் அப்பாவுக்குப் பொறி தட்டியதால். அதற்குப் பிறகுதான் பெர்னார்ட் ஸ்பில்ஸ்பரி என்கிற பெரிய டாக்டர் வந்து, புதைத்த உடல்களைத் தோண்டிப் பார்த்து, சாட்சி சொல்லி, ஸ்மித்தைத் தூக்கில் போட்டார்கள். ஸ்பில்ஸ்பரிக்கு அதில் கிடைத்த புகழ் சாமானியம் இல்லை. பிற்காலத்தில் அவர் கூண்டில் ஏறினாலே ஜூரி தலையாட்டிவிடும் என்கிற நிலை வந்தது. அவர் சொன்ன சில தீர்ப்புகளைப் பற்றி இன்றைக்கும் சந்தேகப்படுகிறார்கள். கடவுள் மாதிரி பேசுகிற டாக்டர் எனக்கு வேண்டாம். அதற்கு 'தோன்றுகிறது' எவ்வளவோ மேல்.

ஆனால் தோன்றுவதற்குக் காரணம் சொல்லலாம் இல்லையா? என் புகார் அதுதான்.

நம் பக்கத்திலேயே இரண்டு சாவுகள். தர்மபுரியும் நாமக்கல்லும் பழைய சேலம் ஜில்லாவில் இருந்தவை. 1965-ல் ஒன்றும் 1997-ல் ஒன்றுமாகப் பிரிந்தன. இரண்டிலும் தலித் இளைஞன், வேறு சாதிப் பெண்ணோடு பழக்கம், ரயில்வே தண்டவாளம். 2013 ஜூலை 4-ம் தேதி தர்மபுரியில் இளவரசன். 2015 ஜூன் 24-ம் தேதி பள்ளிபாளையம் பக்கம் கோகுல்ராஜ்.

இளவரசன் உடலை முதலில் தர்மபுரியில் பரிசோதித்தார்கள். நம்பிக்கை வரவில்லை. ஹைகோர்ட் தலையிட்டு, பரிசோதனை வீடியோவை நிபுணர்கள் பார்த்து, அவர்களுக்குள்ளும் கருத்து ஒத்துப்போகாமல், கடைசியில் டெல்லி எய்ம்ஸிலிருந்து டாக்டர்கள் வந்து மறுபரிசோதனை செய்தார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி சிங்காரவேலு தலைமையில் கமிஷனும் போட்டார்கள். தற்கொலை என்றே முடிவானது. இன்றைக்கும் அதை நம்பாதவர்கள் நிறையப் பேர்.

கோகுல்ராஜுக்குத் தலை தனியே, உடல் தனியே. தற்கொலைக் குறிப்பு ஒன்றும் இருந்தது. முதலில் பதிவானது சந்தேக மரணம்தான். வீட்டார் பல நாள் உடலை வாங்க மறுத்து நின்றார்கள். சேலம் அரசு மருத்துவமனையில் நடந்த பரிசோதனை, ரயில் மோதி இறந்தார் என்கிற கதைக்கு இடம் கொடுக்கவில்லை. அது ஒரு கால்தான். இன்னொரு கால், முந்தின நாள் திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலில் அவரைக் கூட்டிக்கொண்டு போனதைப் பதிவு செய்த சிசிடிவி. 2022 மார்ச் 8-ம் தேதி மதுரை சிறப்புக் கோர்ட் யுவராஜ் உள்பட 10 பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. மேல்முறையீட்டில் ஹைகோர்ட் நீதிபதிகள் இரண்டு பேரும் கோயிலுக்கும் தண்டவாளத்துக்கும் நேரில் போய்ப் பார்த்தார்கள். 2023 ஜூனில் இரண்டு பேருக்குத் தண்டனையைக் குறைத்து, யுவராஜ் உள்பட மற்றவர்களுக்கு உறுதி செய்தார்கள்.

ஒரே மாதிரித் தண்டவாளம், ஒன்று தற்கொலை, ஒன்று கொலை. முதல் நாள் காலையில் பார்த்த யாருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது. வித்தியாசம் தெரிந்தது, யாரோ விடாமல் கேட்டதால்; டாக்டர் ஒவ்வொரு காயத்துக்கும் இது எதனால், எதனால் இல்லை என்று கூண்டில் நின்று சொல்ல வேண்டி வந்ததால். கூண்டில் சொல்வதை ரிப்போர்ட்டிலேயே எழுதக்கூடாதா? 'இந்தக் காயங்கள் உயரத்திலிருந்து விழுந்ததோடு பொருந்துகின்றன. மின்சாரம் பாய்ந்ததற்கான தீக்காயம் இல்லை. ஆயுதத்தால் வெட்டிய தடம் இல்லை. தள்ளப்பட்டாரா என்பதை உடலை வைத்துச் சொல்ல இயலாது.' நாலு வரி. ஸ்பில்ஸ்பரி ஆகவேண்டாம். கம்பெனி ஆடிட்டர்கூட இன்னின்ன விஷயத்தை என்னால் சரிபார்க்க முடியவில்லை என்று தனிப் பாரா எழுதுகிறார். செத்த மனுஷனுக்கு அந்தப் பாரா கிடையாதா?

நேரமில்லை என்பார்கள். உண்மைதான், பெரிய ஆஸ்பத்திரி மார்ச்சுவரியில் காலை பத்து மணிக்குப் போய் நின்றவர்களுக்குத் தெரியும், டாக்டருக்கு மூச்சு விட நேரமிருக்காது. அதனால்தான் பழகிய வரி கை தானாக எழுதிவிடுகிறது. சென்னைக் கோட்டையில் 1693 ஆகஸ்ட் 28-ம் தேதி எட்வர்ட் பல்க்லி என்கிற டாக்டர், வீலர் என்கிற கவுன்சில் மெம்பரின் உடலைப் பரிசோதித்தார். இந்தியாவில் பதிவான முதல் சட்டப் பிரேத பரிசோதனை அதுதான் என்கிறார்கள். பாஷாணம் என்று சந்தேகம். மருந்து கொடுத்த சாமுவேல் ப்ரௌன் என்கிற டாக்டரே கவர்னருக்கு எழுதி ஒப்புக்கொண்டார். பாஷாணம் அரைத்த கல்வத்தைக் கழுவாமல் அதிலேயே மருந்து அரைத்துவிட்டார்கள். காரணம் விஷம், விதம், கழுவாத கல்வம். ப்ரௌன் விடுதலையானார். கொலையா, கவனக்குறைவா என்பதை வயிற்றுக்குள் தேடிக் கண்டுபிடித்திருக்க முடியாது. முந்நூறு வருஷத்துக்கு முன்னால் நம் ஊரில் முதல் கேஸிலேயே இந்தப் பாடம் இருக்கிறது.

அந்த அண்ணன் போகவில்லை. "மொத்தத்தையும் தமிழ்ல படிச்சுச் சொல்லுங்க சார், அம்மாவையும் கூட்டிட்டு வரேன்" என்றார். மத்தியானம் வந்தார்கள். மோடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிவரியாகச் சொன்னேன். தெரியாத இடத்தில் சேலத்தில் எனக்குத் தெரிந்த டாக்டர் ஒருவருக்கு போன் போட்டேன். மண்டையோட்டின் அடியில் எலும்பு முறிவு. இடது பக்கம் நாலு விலா எலும்பு. கல்லீரலில் கிழிசல். முதுகிலும் முழங்கையிலும் சிராய்ப்பு, மண் ஒட்டியிருந்தது. கையிலோ காலிலோ தீக்காயம் என்று எங்கேயும் இல்லை. கரன்ட் பாய்ந்தால் எல்லாருக்கும் தடம் இருந்தே தீரும் என்று சட்டம் இல்லை, ஆனாலும் இத்தனை எலும்பு அதில் முறியாது என்றார் டாக்டர். ஹயாய்டு என்கிற தொண்டை எலும்பு உடையவில்லை. விசெராவை ரசாயனப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள், பதில் வரவேண்டும். அண்ணன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். தள்ளியிருப்பாங்களா என்று கேட்டார். இதில் அது இல்லை என்றேன். வேலிக்காரர் மீதிருந்த கோபம் அவர் முகத்தில் எங்கே போவது என்று தெரியாமல் நின்றது.

இரைப்பை என்று ஒரு வரி வந்தது. சுமார் 200 மில்லி, பாதி செரித்த சாத உணவு.

அதுவரை வாசற்படியில் பேசாமல் உட்கார்ந்திருந்த அம்மா நிமிர்ந்தார். அன்றைக்கு ராத்திரி ஏதோ சண்டை, தட்டைத் தள்ளிவிட்டுப் போய்விட்டான் என்று அண்ணன் எனக்கு முன்னாடியே சொல்லியிருந்தார்.

"அந்த வரியை இன்னொரு தடவ படிங்க சாமி" என்றார்.

படித்தேன்.

"எங்கயோ சாப்பிட்டிருக்கான்" என்றார் மகனைப் பார்த்து.